டாக்னி சிஸ்டரின் இளகிய கை

தோல் நோய்க்கு ஒளி வைத்தியம் செய்கிற ஆர்ஹூஸ் நகரத்து ஒளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே டாக்னிக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. "அவங்க கை வெச்சா வெச்சதே தெரியாது" என்று நோயாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்கள் மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே டாக்னி சிஸ்டர் எந்த மேசை என்று விசாரித்தார்கள். நல்ல பெயரில் ஒரு கெடுதல் உண்டு. வாங்கியவருக்கு அதை விட்டுக்கொடுக்க மனசே வராது. டாக்னிக்கும் வரவில்லை. அவளைக் கெடுத்தது அதுதான் என்று சொன்னால் அவளே மறுக்கமாட்டாள்.

அங்கே இருந்தவை இரண்டே விளக்குகள். கூடத்தின் உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய மின்சாரக் கரிவிளக்குகள், நேரே பார்த்தால் கண் போய்விடும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் நான்கு பித்தளைக் குழாய்கள் நான்கு பக்கமும் சரிந்து இறங்கும். குழாயின் முனைக்கு நேரே ஒரு மேசை, மேசையில் ஒரு நோயாளி, பக்கத்து ஸ்டூலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர். எல்லாருக்கும் தோல் காசம். கன்னத்தையும் மூக்கையும் உதட்டையும் அரித்துத் தின்கிற புண். டாக்டர் லுட்விக்சன் காலையில் வந்து, அன்றைக்கு ஒளி பட வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் காசு அளவுக்கு மையால் வட்டம் போட்டுவிட்டுப் போவார்.

மீதி சிஸ்டரின் வேலை. உள்ளே குளிர்ந்த நீர் ஓடுகிற சின்னப் படிகக் கண்ணாடியை அந்த வட்டத்தின்மேல் வைத்து ஒன்றேகால் மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் நிறைந்த தோலுக்குள் ஒளி இறங்காது. அழுத்த அழுத்த ரத்தம் விலகி, கண்ணாடிக்கு அடியில் தோல் சுண்ணாம்பாய் வெளுக்கும். அப்படி வெளுத்தால்தான் ஒளி ஆழத்தில் கிடக்கிற கிருமியைத் தொடும். மறுநாள் அந்த இடம் சிவந்து கொப்பளிக்கும், பொருக்கு கட்டும், உதிர்ந்து புதுத் தோல் வரும். பிறகு பக்கத்தில் இன்னொரு வட்டம். ஒரு முகம் ஆறுவதற்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

புண்ணின்மேல் அழுத்தினால் வலிக்காமல் என்ன செய்யும்? கன்னமாவது பரவாயில்லை. மூக்கோரத்துக் குருத்தெலும்பில் கண்ணாடி ஏறினால் பெரிய ஆண்பிள்ளைகளே மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

1903ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் பெட்ரியா வந்தாள். லெம்விக் ஊர்ப் பக்கத்துக்காரி, இருபத்து நாலு வயது. விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற பால் பண்ணையில் வெண்ணெய் எடுக்கிறவள். இடது தாடையில் ஆரம்பித்த புண் கன்னத்தில் ஏறி மூக்கோரத்தைத் தொட்டிருந்தது. அந்த வருஷம் பண்ணையின் கூட்டத்தில் ஒரு பெரிய மனுஷர் எழுந்து, "புண்ணு மூஞ்சிக்காரி தொட்ட வெண்ணெயையா இங்கிலாந்துக்காரனுக்கு அனுப்பப் போறோம்?" என்று கேட்டாராம். முகம் சுத்தமாகித் திரும்பினால் வெண்ணெய் அறை அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முடிவாயிற்று. வெண்ணெய் அறையை விட்டால் பெட்ரியாவுக்கு உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. கல்யாணப் பேச்சுகூட இல்லை. இருந்த ஒருத்தனும் புண்ணைப் பார்த்ததும் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டான்.

"போனது போவட்டுங்க சிஸ்டர். அவனுக்கு வெண்ணெய்க்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது" என்பாள்.

அவள் வாய் ஓயாது. கன்னத்தில் கண்ணாடி இருக்கும்போது பேசக் கூடாது என்றால் மறு பாதி வாயால் பேசுவாள். பாலாடையை எந்தப் பதத்தில் புளிக்க விட வேண்டும், கடையும்போது சத்தம் மாறுவதை வைத்து வெண்ணெய் திரண்டதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த விவசாயி பாலில் தண்ணீர் ஊற்றுவான், எல்லாம் டாக்னிக்கு மனப்பாடமாகிவிட்டது. வேலை முடிந்தால் இருவரும் நோயாளிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். ஊரில் டிராமில் ஏறினால் கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போவார்கள். டாக்னி வேண்டுமென்றே அவளோடு டிராமில் போய், ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். நல்லவள்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

குளிர்காலத்தில் வட்டம் மூக்கோரத்துக்கு வந்தது.

முதல் நாள் பெட்ரியா பேசவில்லை. இரண்டாம் நாள் கண்ணை மூடியிருந்த துணிக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. டாக்னிக்கு அது பொறுக்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம், ஒரு மயிரிழை அளவுக்கு, தளர்த்தினாள்.

"இப்ப பரவாயில்லையா?"

"இப்பதாங்க சிஸ்டர் உசிரே வந்துச்சு."

கண்ணாடிக்கு அடியில் வெளுத்திருந்த தோலில் மெல்ல ரோஜா நிறம் பரவியது. டாக்னி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இதில் பெரிதாக என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தாள். வேலை முடிந்ததும் அன்றைய சீட்டில் எல்லாரும் எழுதுகிற அதே வார்த்தைகளை எழுதினாள்: முழு அழுத்தம், நல்ல வெளுப்பு. டாக்டர் எட்டு மேசைக்கும் நின்று பார்க்க முடியாது. சிஸ்டர் எழுதினால் எழுதியதுதான். ஒளிக்கூடமே அந்த நம்பிக்கையில்தான் ஓடியது.

ஒரு தடவை தளர்ந்த கை அப்புறம் எல்லா இடத்திலும் தளர்ந்தது. மூக்குக்குக் காட்டிய இரக்கத்தைக் கன்னத்துக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? பெட்ரியாவுக்குக் காட்டியதை மற்றவர்களுக்குக் காட்டாமல் இருக்கலாமா?

பக்கத்து மேசையில் குட்ரூன் சிஸ்டர் இருந்தாள். ஐம்பது வயது, மீன்காரியின் மணிக்கட்டு. அவளிடம் விழுந்தவர்கள் அழுதுகொண்டே எழுந்திருப்பார்கள். அவளை யாரும் கேட்டு வரமாட்டார்கள். ஒருநாள் கைகழுவுகிற இடத்தில் அவள் டாக்னியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கண்ணாடிக்கு அடியில ரோஸ் தெரியுது டாக்னி."

"மூக்குல குருத்தெலும்பு. பாவம், துடிக்கிறா."

"துடிக்கட்டும். துடிச்சா மூக்கோட வீட்டுக்குப் போவா."

"எல்லாருக்கும் உங்கள மாதிரி கல்லு மனசு வராது சிஸ்டர்."

குட்ரூன் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் அடித்தாற்போலத்தான் இருந்திருக்கும். "வராதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒருத்தியைக் காட்டிக்கொடுப்பது அவள் வழக்கம் இல்லை. அன்றைக்கு அவள் காட்டிக்கொடுத்திருந்தால் என்று பிற்பாடு டாக்னி எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் டாக்னி காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டாள். தாடையோரம் பாக்கியிருந்த வட்டங்களை அந்த இரண்டு வாரமும் குட்ரூன்தான் பிடித்தாள். டாக்னி திரும்பி வந்ததும் பெட்ரியா பெரிய புகார்ப் பட்டியல் வைத்திருந்தாள்.

"அது கையா, பாலாடைக்கட்டி பிழியிற அச்சாங்க சிஸ்டர்? எம்மண்டை மேசையில பதிஞ்சு போச்சுங்க. இனிமே உங்களுக்குக் காய்ச்சல்னா எனக்கும் காய்ச்சல்னு சொல்லிடுவேன்."

டாக்னி சிரித்தாள். பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த செப்டம்பருக்குள் புண் மூடிவிட்டது. மூக்கு மூக்காகவே இருந்தது, கன்னத்தில் மெல்லிய சிவந்த தோல். ஒளிக்கூடத்தில் முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டுவதில்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குத்தான் டாக்டர் தன் அறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து நோயாளியின் கையில் கொடுப்பார். பெட்ரியா பார்த்தாள்.  டாக்னியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

டாக்டர் புதுத் தோலை விரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னும் சிவப்பா இருக்கு. அடியில ஏதாவது பாக்கி இருந்தா இப்ப தெரியாது. ஆனா சீட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டணும், சரியா?"

அவள் வரவில்லை. வெண்ணெய் அறை மறுபடி அவள் கைக்கு வந்துவிட்டது. லீவு கேட்டால் புண்ணை ஞாபகப்படுத்தினது போல் ஆகும் என்று கடிதம் எழுதினாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்ன மரத்தொட்டியில் வெண்ணெய் அனுப்பினாள், மறு கிறிஸ்துமஸுக்கும் அனுப்பினாள். டாக்னி அதைக் கம்பு ரொட்டியில் தடிமனாகத் தடவி ஒளிக்கூடம் முழுக்கக் கொடுத்தாள். குட்ரூனுக்கும் கொடுத்தாள். குட்ரூன் "நல்ல வெண்ணெய்" என்று சொல்லிச் சாப்பிட்டாள்.

1906 மே மாதம், முகத்தில் சால்வை சுற்றிக்கொண்டு பெட்ரியா வாசலில் வந்து நின்றாள்.

சால்வையை எடுத்தபோது மூக்கின் இடது ஓரம் இல்லை. மெல்லிய தோலுக்கு அடியில் ஒன்றரை வருஷமாகச் சத்தம் போடாமல் தின்றுகொண்டிருந்த நோய், குளிர்காலத்தில் வெளியே வந்து மூன்றே மாதத்தில் வேலையை முடித்திருந்தது. டாக்டர் லுட்விக்சன் ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து அவள் கன்னத்தில் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ரத்தம் விலகினால் அடியில் இருப்பது தெரியும். அழுத்திய இடத்திலெல்லாம் நோயின் அடையாளமான பழுப்பு மணிகள் தெரிந்தன. கன்னத்தில், மூக்கு அடியில், உதட்டுக்கு மேலே.

தாடையோரத்தில் மட்டும் சில்லு நின்றது. அங்கே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. அது எப்படித் தப்பியது என்று புரியாமல் டாக்டர் குனிந்து மறுபடி பார்த்தார்.

"அது குட்ரூன் சிஸ்டர் புடிச்ச எடங்க" என்றாள் பெட்ரியா. "இன்னும் வலி ஞாபகம் இருக்குதுங்க. அங்கதான் கெட்டு மத்ததுக்குப் பரவிருச்சோ என்னமோ."

கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்னி பக்கத்தில் நின்றாள்.  டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினார். வரிக்கு வரி முழு அழுத்தம், நல்ல வெளுப்பு. "சில உடம்புல திரும்பத் திரும்ப வரும். யார் மேலயும் குத்தம் இல்ல. நாளைக்கே ஆரம்பிக்கலாம்" என்றார்.

தப்பித்துக்கொள்ள டாக்னிக்கு இதைவிட நல்ல வழி யாரும் போட்டுக் கொடுத்திருக்க முடியாது. அன்று பகல் முழுவதும் அவள் அந்த வழியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு டாக்னி சிஸ்டர்தாங்க வேணும்" என்று பெட்ரியா சொல்லியிருந்தாள். மறுநாள் மேசையில் படுத்துக் கண்ணைத் துணியால் மூடிக்கொண்டதும் உடம்பைத் தளர்த்திப் பெருமூச்சு விட்டாள். டாக்னி கண்ணாடியை வைத்து அழுத்தினாள். ரோஜா நிறம் போய், வெளுத்து, அதற்கு மேலும் வெளுக்கிற வரைக்கும் அழுத்தினாள். பெட்ரியாவின் கால் விரல்கள் மடங்கின.

"சிஸ்டர், எம்மேல ஏதும் கோவமா?"

 டாக்னி ஒன்றேகால் மணி நேரமும் கையை எடுக்கவில்லை. முடிந்ததும் அவளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போய், காபியை ஊற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கே இப்படி அழுத்தியிருக்கணும் பெட்ரியா. நான் அழுத்தல."

"ஏனுங்க?"

"உனக்கு வலிச்சுது. நீ அழுதே. பார்க்க முடியல. அழுத்தினேன்னு சீட்டுல பொய் எழுதினேன். உன் மூஞ்சியில சுத்தமா இருக்கிற ஒரே இடம் குட்ரூன் பிடிச்ச இடம்."

பெட்ரியா தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெகுநேரம் அந்த ஒரு விரல் அகலத் தோலைத் தடவிக்கொண்டே இருந்தாள். 

"வலிச்சா அழறது எம்பட வேலைங்க சிஸ்டர்" என்றாள் கடைசியில். "வலிச்சாத்தான் ஆறும்னு எனக்கெங்க தெரியும்? உங்களுக்குல்ல தெரியும்."

"மன்னிச்சிடு."

"டாக்னி சிஸ்டர்கிட்டப் போங்க, வலிக்கவே வலிக்காதுன்னு எங்க பக்கமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என் பேச்சைக் கேட்டு நாலு பேரு வந்தாங்க. அவங்க மூஞ்சியெல்லாம் இப்ப எப்படிங்க இருக்குது?"

டாக்னிக்குத் தெரியவில்லை. பெட்ரியா எழுந்தாள். "நாளையில இருந்து எனக்கு குட்ரூன் சிஸ்டரைப் போடச் சொல்லிருங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் டாக்னிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அதே விளக்கின் கீழ், அடுத்த மேசையில், குட்ரூனின் கைக்கு அடியில் பெட்ரியா எட்டு மாதம் படுத்திருந்தாள். ஒருநாள்கூட அழவில்லை. டாக்னி இருக்கிற பக்கம் திரும்பவும் இல்லை. நோய் நின்றது, போன மூக்கு வரவில்லை. பால் பண்ணையில் வெண்ணெய் அறைக்கு வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள். பெட்ரியாவுக்குப் பின்கட்டில் பால் கேன் கழுவுகிற வேலை கொடுத்தார்கள். கடைகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்குமாம். இதை அந்தப் பக்கத்து நோயாளி ஒருவர் சொல்லித்தான் டாக்னி தெரிந்துகொண்டாள். வெண்ணெய்த் தொட்டி அப்புறம் வரவில்லை.

பெட்ரியாவிடம் சொன்ன அன்றைக்கே டாக்னி டாக்டரிடமும் போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். டாக்டர் பழைய சீட்டுக் கட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"எத்தனை பேர்?"

"பெட்ரியாவை விட்டா, பதினேழு."

"நிச்சயமா?"

"ஒவ்வொரு சீட்டும் பார்த்துட்டேன் டாக்டர். எந்தெந்த நாள் கை தளர்ந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

வேலையை விட்டு அனுப்புவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அனுப்பவில்லை. "உன்னை அனுப்பிட்டா அந்த மேசையில நான் உட்காரட்டுமா?" என்று எரிச்சலோடு கேட்டார். "பதினேழு பேருக்கும் வந்து காட்டச் சொல்லிக் கடுதாசி எழுது. என் கையெழுத்து போடறேன்."

பதினோரு பேர் வந்தார்கள். ஏழு பேருக்குப் பழுப்பு மணிகள் இருந்தன, மறுபடியும் விளக்குக்கு அடியில் படுத்தார்கள். நாலு பேர் எப்படியோ தப்பியிருந்தார்கள். ஐந்து பேர் முகம் நன்றாக இருக்கிறது, அலைய முடியாது என்று எழுதிவிட்டார்கள். பாக்கி ஒருத்தி, சாம்ஸோ தீவில் உருளைக்கிழங்கு போடுகிற ஆபெலோன. அவளும் முகம் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தாள். மற்ற சிஸ்டர்கள் கை முரடு என்று கேள்விப்பட்டேன், டாக்னி சிஸ்டரே செய்வதானால் மட்டும் வருகிறேன், வேறு யாரென்றாலும் வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள்.

கடிதத்தை டாக்டர் மேசைமேல் நகர்த்தினார். "என்ன எழுதப் போறே?"

டாக்னி அவர் முன்னாலேயே பதில் எழுதினாள். நான்தான் செய்வேன், வாருங்கள். இதுவும் ஒருவகை ஏமாற்றுதான் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவும் வருத்தப்பட்டாள், ஆனால் எழுதினாள்.

ஆபெலோன ஆகஸ்டில் படகேறி வந்தாள். நாற்பது வயது, கலகலப்பானவள், டாக்னிக்கென்று ஒரு கூடை புதுக்கிழங்கு கொண்டுவந்திருந்தாள். மேல் உதட்டுக்கு அருகே டாக்டர் சில்லை அழுத்தியதும் மூன்று பழுப்பு மணிகள் தெரிந்தன. நல்லவேளையாக மூன்றோடு நின்றது. வட்டம் போட்டார்.

"உங்க கைன்னதும் பயமே போயிடுச்சு சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே ஆபெலோன மேசையில் ஏறிப் படுத்தாள். "போன தடவை பாதி நேரம் தூங்கினேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றாள் டாக்னி.

கண்ணைத் துணியால் மூடினாள். விளக்கு சீறிக்கொண்டு எரிந்தது. கண்ணாடியை வட்டத்தின்மேல் வைத்து, இரண்டு கையாலும், முழு பலத்தோடு அழுத்தினாள். ஆபெலோனவின் சிரிப்பு நின்றது. அவள் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது. துணியின் ஓரம் நனைந்தது. கண்ணாடிக்கு அடியில் ரோஜா நிறம் விலகி, கடைசிப் பொட்டும் மறைந்து, தோல் வெளுத்தது. டாக்னி கையைத் தளர்த்தவில்லை.

"சிஸ்டர்," பாதி வாயால் ஆபெலோன கேட்டாள், "யாருங்க அது? டாக்னி சிஸ்டர் எங்க?"

"நான்தான்" என்றாள் டாக்னி.

"பொய் சொல்லாதீங்க" என்றாள் ஆபெலோன.